அசோகமித்திரன் எழுத்துகளில் வாய்ப்புத் தேடலும் எழுத்துப் பயிற்சியும்

அசோகமித்திரன் (1931–2017) தமிழின் முதன்மையான சிறுகதை, நாவல் ஆசிரியர்களுள் ஒருவர். இயற்பெயர் ஜ. தியாகராஜன். 1952 முதல் 1966 வரை சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அவர், அதன்பின் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். எழுத்தால் பிழைக்க முனைபவர் வாய்ப்பை எவ்வாறு தேடுகிறார், தம் கைத்திறனை எவ்வாறு வளர்த்துக்கொள்கிறார், இரண்டுக்கும் என்ன விலை கொடுக்கிறார் என்பவை அவருடைய படைப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்கள். அப்படைப்புகள் சிலவற்றை இக்கோணத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். தந்தை நிஜாம் ரயில்வேயில் பணிபுரிந்தார். தந்தை மறைந்தபின் குடும்பம் சென்னைக்கு வந்தது. தந்தையின் நண்பரான எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்கு வேலை கிடைத்தது. 'அன்பின் பரிசு' என்ற பரிசு பெற்ற நாடகம் அவருடைய தொடக்க கால எழுத்துகளுள் ஒன்று. சிறுகதைகளையும் ஸ்டூடியோவில் இருந்தபோதே எழுதத் தொடங்கிவிட்டார்.

வேலையை விட்ட பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள், கட்டுரைகள், மதிப்புரைகள் எழுதினார். கி. கஸ்தூரிரங்கன் 1965இல் தில்லியில் தொடங்கிய 'கணையாழி' இதழின் ஆசிரியப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சென்னையிலிருந்து கவனித்தார். 'கரைந்த நிழல்கள்', 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு', 'ஒற்றன்!', 'மானசரோவர்' ஆகிய நாவல்கள் எல்லாம் ஜெமினியை விட்டு வந்தபின் நூலானவையே. 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பாடநூலில் மறைந்திருக்கும் எழுத்தாளர்

ஜெமினி அனுபவங்களை அசோகமித்திரன் ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்ற நூலாக எழுதினார். 2002இல் வெளிவந்த அந்நூலின் ஒரு பகுதி 'பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்ற தலைப்பில் என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. திரைப்பட ஸ்டூடியோவைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரையாகவே அது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. ஒப்பனை அறை, கொத்தமங்கலம் சுப்பு, ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் வருகை ஆகியவை குறித்துத் தேர்வில் வினா வருகிறது. மாணவரும் எழுதி மதிப்பெண் பெறுகிறார். ஆனால் அக்கட்டுரையின் உள்ளே, எழுத வேண்டும் என்ற ஆசையோடு ஒரு சிறிய அறையில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரை மையமாக வைத்துப் படித்தால் கட்டுரையின் முகமே மாறுகிறது.

அந்த இளைஞரின் வேலை, பல பொருள்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது. பலவற்றைக் கையால் எழுதியும் வைக்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் காகிதம் கிழிக்கும் ஒருவரைப் பார்த்தவர்களுக்கு, அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்றே தோன்றியது. ஆகவே நினைத்தவரெல்லாம் உள்ளே நுழைந்து நீண்ட அறிவுரை வழங்கினர். தம்முடைய இலக்கியத் திறமை வீணாகிறதே என்று புலம்பும் ஊழியர் ஒருவரும் அவர்களுள் உண்டு.

இவ்விடத்தில் இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் தம் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். மற்றவர் காகிதத்தை வெட்டி, படியெடுத்து, அடுக்கி வைக்கிறார். எவர் எழுத்தாளர் ஆவார் என்று கட்டுரை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அன்றாடம் பிறர் எழுதிய செய்திகளைப் படியெடுத்த பழக்கம், குறைந்த சொற்களில் விவரத்தைச் சொல்லும் அவருடைய நடைக்கு உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு. பயனற்றதாகப் பிறருக்குத் தோன்றிய வேலை பயிற்சிக்கூடமாகவும் அமைந்தது எனலாம்.

அனுப்பும் முன் அறிதல்

அதே கட்டுரையில் வரும் சிறுகதைப் போட்டி நிகழ்ச்சி, வாய்ப்புத் தேடும் எழுத்தாளருக்கு முழுமையான ஒரு பாடம். 'தி இந்து' நாளிதழில், 'தி என்கவுண்டர்' என்ற பிரிட்டிஷ் இதழ் நடத்தும் சிறுகதைப் போட்டியின் அறிவிப்பைக் கதைசொல்லி காண்கிறார். கையெழுத்துப் படியை இங்கிலாந்துக்கு அனுப்பத் தபால் செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்வதற்குமுன் இதழ் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளப் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குச் செல்கிறார். அங்கே ஆசிரியர் பெயரைப் பார்க்கிறார். முன்பு ஸ்டூடியோவுக்கு வந்து பேசிய ஸ்பெண்டரே அவர். அன்று அவருடைய உச்சரிப்பு எவருக்கும் புரியவில்லை. அவர் எதற்காக அங்கே வந்தார் என்பதும் புரியவில்லை.

உரைநடை எழுதுவதைப் பற்றி அசோகமித்திரன் அங்கே கூறுவது கவனிக்கத்தக்கது. அது மேதைகளுக்கான வேலை அன்று; சலிக்காமல் உழைப்பவருக்கான வேலை என்கிறார். எத்தனை மறுப்புச் சீட்டு வந்தாலும் அவ்வுழைப்பாளி உடைவதில்லை. அந்த அளவுக்கு அவருடைய உள்ளம் ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கிறது. கதை திரும்பி வந்தால் புதிதாகப் படியெடுத்து, திருப்பி அனுப்பத் தேவையான தபால்தலையும் வைத்து, வேறோர் ஆசிரியருக்கு அனுப்பிவிடுகிறார்.

இதில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நடைமுறை உண்மை. ஒளிநகல் எளிதாகக் கிடைக்காத காலத்தில் புதிய படி எடுப்பது என்பது கதை முழுவதையும் மீண்டும் ஒருமுறை எழுதுவதாகும். அப்படி எழுதும்போது தேவையற்ற சொல் கையைத் தடுக்கும். நீளமான வாக்கியம் சலிப்பூட்டும். ஆகவே வாய்ப்புத் தேடுவதும் எழுத்தைத் திருத்துவதும் ஒரே செயலாகவே நடந்தன. இன்றைய எழுத்தாளர் ஒரு பொத்தானை அழுத்தி ஒரே கோப்பைப் பத்து இடங்களுக்கு அனுப்பிவிட முடிகிறது. உழைப்பு மிச்சமாகிறது, மறுவாசிப்பும் மிச்சமாகிவிடுகிறது. இதழைப் படிக்காமலேயே அவ்விதழுக்கு எழுதும் வழக்கம் பெருகியுள்ள காலத்தில், நூலகத்துக்கு நடந்துபோன அந்த இளைஞர் மாணவர் அறிய வேண்டியவர்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போட்டிக்கு அனுப்பிய கதை என்ன ஆயிற்று என்று பாடப்பகுதி சொல்வதில்லை. உறையை ஒட்டும்போது எழுத்தாளர் அடையும் மகிழ்ச்சியோடு அந்நிகழ்ச்சி நின்றுவிடுகிறது. அதன்பின் காட்டப்படுவது, ஜெமினியை விட்டுவிட்டு, நேரம் நிறைய இருந்தும் பணம் இல்லாத நிலையில், மவுண்ட் ரோடு நடைபாதையில் ஐம்பது காசுக்கு அவர் வாங்கிய 'தி காட் தட் ஃபெயில்ட்' என்ற புதிய புத்தகம். ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள் கொண்ட அந்நூலில் ஸ்பெண்டரின் கட்டுரையும் ஒன்று. அப்போதுதான் ஸ்பெண்டர் ஸ்டூடியோவுக்கு வந்த காரணம் விளங்குகிறது. பரிசு கிடைத்ததா என்பதைவிட, புரியாத ஒன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு புரிந்ததையே அவர் எழுதத் தேர்ந்துகொள்கிறார்.

புலிக்கலைஞன்: திறமை மட்டும் போதுமா?

உழைத்தால் உறுதியாக வாய்ப்பு வரும் என்று அசோகமித்திரன் எங்கும் வாக்குறுதி தரவில்லை. அதற்குச் சான்று 'புலிக்கலைஞன்' சிறுகதை. வாய்ப்புக் கேட்டு ஸ்டூடியோ அலுவலகத்துக்கு ஒருவன் வருகிறான். 'டகர் பாயிட்' காதர் என்று பெயர் சொல்கிறான். அவனை ஏற இறங்கப் பார்த்தவர்களுக்கு அவனிடம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அலுவலக அறைக்குள்ளேயே அவன் புலியாக ஆடிக் காட்டும்போது அங்கிருந்தவர்கள் உறைந்துபோகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் மீண்டும் பசித்த, கெஞ்சும் மனிதன் ஆகிவிடுகிறான். பின்னர் அவனுக்கேற்ற வாய்ப்பு வரும்போது அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

காதரிடம் திறமைக் குறைவு இல்லை. முயற்சிக் குறைவும் இல்லை. வேலை கொடுப்பவர்களும் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் அவனை மறக்கவும் இல்லை. ஆயினும் திறமையும் வாய்ப்பும் சந்திக்கவில்லை. வேலை வரும்வரை ஒரே முகவரியில் காத்திருக்கும் வசதி அவனுக்கு இல்லை என்பதே காரணம். தன் தொழிலைத் தானே தேடிப் பிழைக்கும் எவருக்கும், எழுத்தாளர் உட்பட, இது பொருந்தும். அடுத்த வேலை வரும்வரை தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் அரிசியும் ஒரு கூரையும் வேண்டும். அது இல்லாதவனுடைய கலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கடிதம் திரும்பத்தான் செய்யும்.

இந்தக் கவலை வேறு படைப்புகளிலும் தொடர்கிறது. 'தண்ணீர்' நாவலின் ஜமுனா, சினிமா வாய்ப்பு என்ற நம்பிக்கையில் பாஸ்கர் ராவின் பின்னால் அலைக்கழிக்கப்படுகிறாள். 'கரைந்த நிழல்கள்' நாவலில், முதலில் படப்பிடிப்புக்காக ஓடியாடி எல்லாரையும் ஒருங்கிணைக்கும் நடராஜன், பிறகு கதையிலிருந்தே காணாமல் போகிறான். அவனுடைய வீழ்ச்சி பிறர் பேச்சின் வழியாக மட்டுமே வாசகருக்குத் தெரிகிறது. நாள்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் உழைப்பவர்கள் ஒரு தொழிலிலிருந்து மறைவது இப்படித்தான். எவரும் அவர்களைத் துரத்துவதில்லை. ஒருநாள் அவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஒரே அனுபவம், பல வடிவங்கள்

அசோகமித்திரன் தம் அனுபவங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்பது அவர் மீது சொல்லத்தக்க ஒரு குறை. செகந்திராபாத்தும் ஜெமினியும் கதைகளிலும் கட்டுரைகளிலும் ஓயாமல் வருகின்றன. தொடர்ந்து எழுதியாக வேண்டிய நிலையில் இருந்தவருக்கு இது தவிர்க்க முடியாததாகவும் இருந்திருக்கலாம். தொடர்ந்து படிப்பவர்க்குச் சில நினைவுக் கட்டுரைகளில் முன்பே கேட்ட செய்தியைக் கேட்கும் உணர்வு ஏற்படுகிறது.

ஆனால் சிறந்த படைப்புகளை ஒப்பிட்டால் அக்குறை பெரிதும் நீங்குகிறது. அதே ஸ்டூடியோ உலகம் ஆங்கில நூலில் நகைச்சுவையாகிறது. 'கரைந்த நிழல்கள்' நாவலில் அத்தியாயந்தோறும் பார்வை மாறும் இரக்கமற்ற சித்திரமாகிறது. 'புலிக்கலைஞன்' கதையில் ஒரே அறைக்குள் நடக்கும் துயரமாகிறது. 'மானசரோவர்' நாவலில் ஒரு நடிகருக்கும் கதை எழுதுபவருக்கும் இடையிலான ஆன்மிகத் தேடலாகிறது. எந்த வாசகருக்கு, எந்த அளவில், எந்தக் குரலில் சொல்வது என்ற தீர்மானமே ஒவ்வொரு முறையும் பொருளைப் புதிதாக்குகிறது. கைத்திறன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. புதிய அனுபவம் கிடைக்கவில்லை என்று எழுதாமல் இருப்பவருக்கு இது நல்ல பதில்.

1973–74இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தில் கலந்துகொண்ட அனுபவம் 'ஒற்றன்!' நாவலானது. அதில் பிராவோ என்னும் எழுத்தாளர் தம் நாவலுக்குப் பெரிய வரைபடம் போட்டு வைத்து எழுதுகிறார். கதைசொல்லியின் வியப்பில் கேலியும் மரியாதையும் கலந்துள்ளன. எழுதும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் முறையே இல்லாமல் எவரும் நெடுங்காலம் எழுத முடியாது என்பதை அப்பகுதி உணர்த்துகிறது.

மதிப்பீடு

வேலையைத் துறந்து வறுமையை ஏற்றதால்தான் அசோகமித்திரன் பெரிய எழுத்தாளர் ஆனார் என்று சொல்லும் பழக்கம் உண்டு. இது அவரைப் போற்றுவது போலத் தோன்றினாலும் அவர் எழுதியதற்கு எதிரானது. அவர் படைப்புகளில் வறுமை எவரையும் உயர்த்துவதில்லை. காதரைக் காணாமற்போகச் செய்கிறது, ஜமுனாவை இழிவுக்கு உள்ளாக்குகிறது. சம்பளம் வாங்கிய ஆண்டுகள் அவருக்குப் பொருளையும் பயிற்சியையும் தந்தன. சம்பளம் இல்லாத ஆண்டுகள் நேரத்தைத் தந்தன. இரண்டும் சேர்ந்தே அவரை உருவாக்கின. சன்மானம் கொடுக்காமல் எழுத்தை வாங்கிக்கொண்டு, எழுத்தாளரின் தியாகத்தைப் பாராட்டும் வழக்கத்துக்கு அவர் பெயரைத் துணைக்கு அழைப்பது முறையன்று.

இளம் எழுத்தாளர் அவரிடமிருந்து கற்கக்கூடியவை எளியவை: அனுப்பும் இதழை முதலில் படிப்பது, திரும்பி வந்ததைத் திருத்தி எழுதி மீண்டும் அனுப்புவது, கையில் இருக்கும் சிறிய வேலையை இழிவாக எண்ணாமல் அதிலிருந்து கற்பது, வாய்ப்பு வரும்வரை நிலைத்திருக்க ஒரு வழியை வைத்துக்கொள்வது. கல்லூரி முடித்த கையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுத வர நினைக்கும் மாணவர், முதலில் 'புலிக்கலைஞன்' கதையைப் படிக்கலாம். படித்த பிறகும் எழுத வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆசை நம்பத்தக்கது.