இருட்டில் அரும்பும் சாமந்தி

நல்ல சாமந்தித் தொட்டி எது என்று கேட்டால், பெரும்பாலோர் பூவை எண்ணுவார்கள். நான் முதலில் இலையைப் பார்ப்பேன். தொட்டி விளிம்புவரை பச்சை குறையாத இலை, முழங்கால் உயரம் தாண்டாத தண்டு, ஒரே வாரத்தில் மொத்தமாக விரியும் கொத்து. இம்மூன்றும் கூடியிருந்தால், வளர்த்தவருக்கு இரவைக் கையாளத் தெரிந்திருக்கிறது. உரமும் தண்ணீரும் செடியை வளர்க்கும். சாமந்தியில் மொட்டு வருவது இருட்டால்.

இரவு நீண்டால் பூக்கும் செடிகள் நம்மிடம் நிறைய. பனிக்காலத்து மொச்சை, பழைய சம்பா ரகங்கள் பல, சட்டம் வளர்க்கவிடாத கஞ்சா எல்லாம் இந்தக் குணம்தான். அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் ஒரு புகையிலை ரகத்தை முன்வைத்து இதை நிறுவினார்கள். எனக்குப் பிடித்தது என்னவோ, 1930-களில் சோவியத் விஞ்ஞானி மிகைல் சைலாக்யான் சாமந்தியிலேயே செய்த சோதனை. செடியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். நுனி வெளிச்சத்தில் இருந்தும் பூத்தது. மாற்றிச் செய்தார், நுனி இருட்டில் இருந்தும் பூக்கவில்லை. ஆக, இரவை அளப்பது இலை. அங்கிருந்து தண்டு வழியாக நுனிக்குச் செய்தி போகிறது. அதைச் சுமந்து போவது ஒரு புரதம் என்பது, வேறு செடிகளிலும் நெல்லிலும் நடந்த ஆய்வுகளில், 2007-இல்தான் தெளிந்தது. அடியிலை உதிர்ந்த சாமந்தியை எத்தனை பூ இருந்தாலும் நான் வாங்குவதில்லை. அளக்கும் உறுப்பே போன செடி அது.

சென்னைப் புறநகரான நம் தாம்பரம் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல்கூட இங்கே 13 மணி நேரத்தைத் தொடாது. டிசம்பரில் அது 11 மணி 20 நிமிடம் அளவுக்கு இறங்கும். சாமந்தி அரும்பு கட்ட, பகல் சுமார் பதின்மூன்றரை மணிக்குக் குறைந்தாலே போதும். அப்படியானால் இங்கே வருஷம் முழுக்க அது பூக்கத் தயார். சிக்கலே அதுதான். கன்று வளர்வதற்குள் மொட்டு முந்திக்கொள்ளும். ஒரு சாண் உயரத்தில், நாலைந்து இலையோடு, பிஞ்சிலே பழுத்த பூ.

குளிர்நாடுகளில் கோடைக்காலத்தில் கறுப்புத் துணி போர்த்தி இரவை நீட்டுகிறார்கள். நம் வேலை அதற்கு நேர்மாறு: இரவை உடைப்பது. ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணிவரை பல்பு எரிந்தால், ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாகிவிடும். செடி அரும்பை விட்டுவிட்டு இலை விடும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இரவில் விளக்கு எரிவது இதற்காகத்தான். கன்று வேர்பிடித்து, கொழுந்து கிள்ளி, பக்கக்கிளைகள் செழித்தபின் விளக்கை அணைக்கிறார்கள். அணைத்த நாளிலிருந்து, ரகத்தைப் பொறுத்து, எட்டு முதல் பத்து வாரத்தில் பூ. தேதி குறித்துப் பூக்க வைக்கும் இந்தக் கணக்கு எனக்குக் கச்சேரி கேட்பதுபோல இருக்கிறது.

சிட்லபாக்கத்தில் தெரிந்த மாமி ஒருவரின் மொட்டை மாடியில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு ஓரத்தில் தெருவிளக்கு நேராக விழுகிறது. தை பிறந்தும் அந்த ஓரத்துத் தொட்டிகள் வெறும் இலையாக நின்றன. பத்தடி தள்ளி, தண்ணீர் டாங்கின் மறைவில் இருந்தவை மஞ்சளாகப் பூத்துக் குலுங்கின. ரகம் ஒன்று, மண் ஒன்று, ஒரே நாளில் வைத்த கன்றுகள். “இந்தப் பக்கம் உரம் போடலையா மாமி?” என்றேன். “அதுங்களுக்குத் தூக்கமில்லப்பா” என்றார்.

இரண்டுக்கும் நடுவே இருந்த தொட்டிகள்தான் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தன. அரைகுறை இருட்டு கிடைத்த செடிகள் அவை. நுனியில் மொட்டு கட்டி, பச்சைப் பொத்தானாக அப்படியே நின்றுவிட்டது. அதை ஒட்டி வந்த இலைகளில் சாமந்திக்குரிய வெட்டுகளே இல்லை. ஒல்லியாக, நாடா மாதிரி நீண்டிருந்தன. பூப்பதா வளர்வதா என்று செடி தடுமாறியது இலையின் வடிவத்திலேயே எழுதியிருந்தது.

இருட்டு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சூடான இரவுகளில் மொட்டு தாமதிக்கும், பூ வெளுக்கும். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமானால் ஆகஸ்ட் புழுக்கத்திலேயே மொட்டு கட்டியாக வேண்டும்; தாம்பரத்து மாடியில் அது கடினம். அந்தப் பருவத்துக்குக் கிருஷ்ணகிரி, ஓசூர் மேட்டுநிலம்தான் சரி. நம் புறநகருக்கு உகந்தது தைப்பூ. அதற்கும் இடையில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் சாமந்தி வேர் அழுகத் தொடங்கும். அடித்துளையில் ஓட்டுச்சில்லு, மணல் கலந்த மண், செங்கல்மேல் தூக்கிவைத்த தொட்டி என்று மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தெருவிளக்கு ஓரத்தை மாமி இப்போது தாய்ச்செடிகளுக்கு ஒதுக்கிவிட்டார். அரும்பு கட்டத் தொடங்கிய கிளையில் வெட்டிய பதியன் குட்டையிலேயே பூத்துவிடும். வெளிச்சத்தில் நின்று இலையாகவே வளர்ந்த கொழுந்துதான் நல்ல கன்றைத் தரும். அங்கே வெட்டி வேர்விட வைத்து, வளர்ந்து கிள்ளி முடித்ததும், தொட்டிகளை ஒவ்வொன்றாக டாங்கின் மறைவுக்கு நகர்த்துகிறார். எந்தத் தொட்டி என்றைக்கு இருட்டுக்குப் போனது என்று காலண்டரில் குறித்தும் வைக்கிறார்.