ஆர்டென் மலையின் மஞ்சள் கல்

சவரக்கத்தி தீட்டப் பழகுகிறவர்கள் கோணத்தை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். வீண் பயம். முதுகும் கூரும் ஒருசேரப் படும்படி கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். சோலிங்கன், ஷெஃபீல்டு ஊர்களின் கொல்லர்கள் அந்தக் கணக்கை முதுகின் தடிமனிலேயே வைத்துவிட்டார்கள். நம் பொறுப்பு, அழுத்தாமல் இழுப்பது. குழிவாகக் கடைந்த அலகு மிக மெல்லியது. விரல் கனத்துக்கே வளைந்துகொடுக்கும்.

கல்லென்றால் என் ஓட்டு பெல்ஜியத்தின் கோட்டிகூலுக்கு. ஆர்டென் மலைப் பகுதியில், வியெல்சால்ம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கல். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுப் பழைய படிவு. பாறைக்குள் மெல்லிய அடுக்காகவே ஓடுவதால், உடையாதிருக்க அடியில் ஸ்லேட் ஒட்டி விற்கிறார்கள். அதை அடுத்து ஓடும் நீலக்கல்லோடு இயற்கையாகவே ஒட்டிப் பிறந்த துண்டுக்குத் தனி மவுசு.

எஃகைத் தேய்ப்பவை கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள். பல முகங்கள் கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் அவை ஆழமாகக் கீறுவதில்லை. நனைத்த கல்லின்மேல் அதே கல்லின் சிறு துண்டைத் தேய்த்தால் பால்போலக் குழம்பு எழும். அதில் விடுபட்ட மணிகள் வேலையை விரைவாக்கும். ஆனால் அந்தக் குழம்பில் கூர் ஓர் அளவுக்குமேல் ஏறாது. எதிர்ப்படும் மணிகளில் மோதி மோதி முனை மழுங்கும். அதனால்தான் சில இழுப்புகளுக்கு ஒருமுறை சொட்டுத் தண்ணீர் விடுவது. பால் மோராகி, மோர் நீர்த்து, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிய வேண்டும். 1000, 4000, 8000 என்ற நுண்மை எண்களில் செயற்கைக் கற்களை வரிசையாக அடுக்கிச் செய்யும் வேலையை இந்த ஒரு கல் செய்துவிடுகிறது. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த கட்டம் அந்தக் கடைசித் தண்ணீர். கூர் சரியாகப் படிந்திருந்தால், முன்னே தள்ளப்படும் நீர் அலகின்மேல் வழிந்தேறும். எங்காவது ஏறாமல் நின்றால், அந்த இடத்தில் முனை இன்னும் கல்லைத் தொடவில்லை என்று அர்த்தம். பூதக்கண்ணாடி தேவையில்லை.

பிறகு தோல்வார். கல்லில் கூர் முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மாற்றி இழுத்தால் வார் கிழியும்.

செயற்கை 12000 கல் தரும் கூர் இதைவிடக் கூர்மையாகத் தெரியும். தொங்கும் மயிரைத் தொட்டதும் அறுக்கும். ஆனால் தாடைக்கு இதமானது கோட்டிகூல் கூர்தான். வாங்குவதானால் பெரிய பலகைக்குக் காசைக் கொட்டாதீர்கள். சவரக்கத்திக்கு 15 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் தாராளம்.