மலையேறும் வரலாறு, தரையில் நிற்கும் வரலாறு

மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு 2010இல் எழுந்தபோது நரசிங்கம் பக்கத்து மக்கள் கொதித்தார்கள். அந்தச் சூட்டில் தொடங்கியதுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமை நடை’. ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி, மாங்குளம், அரிட்டாபட்டி என்று ஏதேனும் ஒரு குன்றுக்கு ஆட்கள் திரள்வார்கள். சொ. சாந்தலிங்கம், வெ. வேதாசலம் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் சமணப் படுக்கைகளின் முன் நின்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தை வாசித்துக் காட்டுவார்கள். மாங்குளக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை நூலில் படிப்பது வேறு, அந்தப் பாறையடியில் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்பது வேறு.

இதன் பெரிய பலம் அறிவு அல்ல, ஆள்வரவு. கிரானைட் குவாரிகள் மதுரைக் குன்றுகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், ஆளரவம் இல்லாத மலைதான் முதலில் அறுபட்டது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அரிட்டாபட்டியைத் தொட்டபோது போராட்டத்தைச் சுமந்தவர்கள் மேலூர் வட்டார விவசாயிகள். ஆனாலும் அந்த ஊர்ப் பெயர் ஏற்கெனவே பலருக்கும் தெரிந்திருந்ததில் நடைக்காரர்களுக்குப் பங்குண்டு. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

ஆனால் இந்தக் கால்கள் பெரும்பாலும் மலையை நோக்கியே போகின்றன. பாறை கண்ணுக்குத் தெரியும், படத்துக்கும் நன்றாக அமையும். ஈராயிரம் ஆண்டுப் பழமைக்கு இன்று சொந்தம் கொண்டாடிச் சண்டைக்கு வருபவரும் குறைவு. போர்க்களத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

மதுரையின் பெரிய போர்க்களத்தில் நாம் தினமும் ஜவுளி வாங்குகிறோம். யூசுப்கான் என்ற மருதநாயகத்தை அடக்க 1763, 64 ஆண்டுகளில் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் ஆற்காடு நவாபின் படையும் கோட்டையை முற்றுகையிட்டன. மதில் அவர்களைத் தடுத்தது. கடைசியில் உள்ளிருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் வந்தன. இடித்தவருக்கு நினைவாக விளக்குத்தூண் இருக்கிறது. எதிர்த்து நின்றவருக்குச் சம்மட்டிபுரத்தில் ஒரு சமாதி. பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சி நிற்கும் கோட்டைக் கொத்தளத்தை வெறும் பழைய சுவர் என்று கடந்துபோகிறவர்களே அதிகம்.

இங்கே நடத்திச் செல்பவரின் வேலை கடினம். கல்வெட்டை வாசிப்பதில் நிபுணர் சொல்வதைக் கூட்டம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் யூசுப்கான் கும்பினிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கியவர், பிறகு அதே கும்பினியை எதிர்த்தவர். வீரர் என்றும் துரோகி என்றும் ஒரே வாயால் சொல்ல வேண்டிய கதை இது. இதில் ஒருவரே பேசிப் பலர் கேட்கும் ஏற்பாடு பலவீனமாகிவிடும், ஏனென்றால் மறுத்துப் பேச இடமில்லாத இடத்தில் புகழுரைதான் மிஞ்சும்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் சிக்கல் வேறு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அங்கே நினைவைக் காப்பவர்கள் உறவுக்காரர்கள். அவர்களுக்கு அது சுற்றுலா அல்ல, இழவு. அந்த உறவுரிமையால்தான் நினைவு அழியாமல் இருக்கிறது. அதே உரிமை அதை ஒரு சாதியின் கதையாகவும் சுருக்கிவிடுகிறது. பல சமூகங்களை வதைத்த சட்டம் அது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

நடைக் குழுக்கள் இங்கே வந்தால் விளக்கவுரையை எடுத்துவரக் கூடாது, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துவர வேண்டும். பாட்டன் சொன்னதைப் பேரன் சொல்லக் கேட்டு, கிடைக்கும் ஆவணத்தோடு ஒப்பிட்டு, முரண்பாடுகளையும் சேர்த்தே பதிந்து வைக்கலாம். பாறை இன்னும் நூறாண்டு காத்திருக்கும். அந்தப் பேரன்களுக்கே இப்போது வயதாகிவிட்டது.