ரேகை வாங்க மறுக்கும் அதிகாரம்

ஒருங்கிணைப்பு என்ற சொல்லை இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். போர் நடக்கும் இடங்களிலிருந்து விசா கேட்பவர்களுக்காக பிரிட்டன் அரசு எழுதி வைத்திருக்கும் விதிமுறைகளை, ஒரு கவிதைத் தொகுப்பை வாசிக்கிற கவனத்தோடு சில நாட்கள் வாசித்தேன். செயப்பாட்டு வினைகளால் கட்டப்பட்ட பிரதி அது. மையம் மூடப்படும், விண்ணப்பம் நிறுத்தப்படும், ரேகை பெறப்படும். யார் மூடியது, யார் நிறுத்தியது என்று எழுவாயைத் தேடிக்கிட்டே போனால் பக்கம் முடிந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் முகப்படமும் வேண்டும். அதற்கு உடல் நேரில் போய் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். (சென்னையில் ஒரு விசா மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். நாற்று நட்டுத் தேய்ந்த விரல். மூன்று முறை கண்ணாடியில் பதியவே இல்லை, நாலாவது தடவைதான் விழுந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம், அவ்வளவுதான் எங்கள் கஷ்டம்.) காசாவில் இருந்த மையம் 2023 அக்டோபரில் மூடப்பட்டது. இனி இயந்திரம் எல்லைக்கு அந்தப்பக்கம். எல்லை தாண்ட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு அரசு இவர் எங்களிடம் வருகிறவர் என்று பேச வேண்டும். அரசு பேச வேண்டுமென்றால் விண்ணப்பம் முடிவாக வேண்டும். முடிவாக ரேகை வேண்டும். 2024 மே 7-இல் ரஃபா கடவையின் காசா பக்கத்தை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றிய பிறகு இந்த வட்டத்துக்கு இருந்த ஒரே ஓட்டையும் அடைபட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மையத்துக்குப் போகிற பயணம் தனக்கு ஆபத்தானது என்று விண்ணப்பதாரரே நிரூபித்தால், ரேகைக்கு முன்பே முடிவைச் சொல்லலாம். குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, குண்டு விழுகிறது என்பதற்கு ஆதாரம் திரட்டி அனுப்ப வேண்டும். இதை எழுதியவருக்குக் கூச்சமே வரலையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எழுதியவர் என்று ஒருவர் இல்லையே.

இது தொழில்நுட்பச் சிக்கல் என்பார்கள். அப்படியானால் உக்ரைனைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யப் படையெடுப்பு. மார்ச் தொடக்கத்தில், பிரான்ஸின் கலே துறைமுகம்வரை வந்துவிட்ட உக்ரைனியர்களைக்கூட பாரிஸுக்கோ பிரஸல்ஸுக்கோ போய் ரேகை வைத்துவிட்டு வா என்று திருப்பினார்கள். கூச்சல் எழுந்தது. மார்ச் 15 முதல், செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து, நாட்டுக்குள் வந்த பிறகு ரேகை வைத்தால் போதும் என்றானது. பத்தொன்பது நாள்! இயந்திரம் மாறவில்லை, விரலும் மாறவில்லை. உக்ரைனியர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை, அவர்களுக்குச் செய்தது சரிதான். பாதுகாப்புச் சோதனை வேண்டாமா என்ற கேள்வியையும் நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் உதவித்தொகை பெற்று, பல்கலைக்கழக ஏட்டில் பெயர் ஏறிய காசா மாணவர்களை யாரென்று தெரியாதவர்கள் எனச் சொல்ல முடியாது. அவர்களில் முதல் தொகுதி ஜோர்டான் வழியாக, அங்கே ரேகை கொடுத்து, பிரிட்டன் வந்தது 2025 செப்டம்பரில். மையம் மூடி ஏறக்குறைய இரண்டு வருஷம். அமைச்சர்கள் மனசு வைத்தபோது ஒருங்கிணைப்பு கூடிவந்தது.

இனி நம் பக்கம். ஃபூக்கோவைப் படித்த நாளிலிருந்து நமக்கு அதிகாரம் என்றால் உடலைப் பார்ப்பது, பதிவது, கோப்பில் அடைப்பது. அதற்கு நம்மிடம் சொந்த வரலாறும் உண்டு. 1858-இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையைக் காகிதத்தில் பதித்து வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம். குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் வந்தபோது மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-இல், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். (அந்த நினைவு இன்று சாதிப் பெருமிதமாகச் சுருங்குவது தனியே பேச வேண்டியது.) மறுப்பே எதிர்ப்பு என்ற இலக்கணம் நமக்கு அங்கிருந்து கிடைத்தது.

அந்த இலக்கணம் இங்கே உதவவில்லை. காசா மாணவி என் ரேகையை எடுத்துக்கொள் என்று கெஞ்சுகிறாள். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்கச் சொன்ன அதே பேரரசின் வாரிசு, இப்போது ரேகை வாங்காமலேயே ஒருத்தியை இல்லாதவளாக்குகிறது. பதிவு செய்வதை மட்டுமே வன்முறை என்று கற்ற நமக்கு, பதிய மறுப்பதைச் சுட்ட ஒரு சொல்கூட இல்லை. கண்காணிப்பு கண்காணிப்பு என்று நாம் கத்துவது அவள் காதில் எப்படி விழும்?

அதற்காக ஊருக்கு ஊர் இயந்திரம் வை என்று கோரிவிடவும் முடியாது. 2021-இல் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு ஓடியபோது, ரேகையும் கண்மணிப் படமும் பதிவு செய்யும் அதன் கருவிகள் தாலிபான் கையில் சிக்கின. எடுத்தவன் போய்விடுவான், எடுத்த ரேகை அங்கேயே கிடக்கும்.

இதைப் படித்த நண்பர் கேட்டார்: "அப்போ ரேகை எடுக்கச் சொல்லி நாமளே மனு போடணுமாய்யா?" இல்லை, வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன் என்றேன். முதலில் ஆள் வெளியே வரட்டும், விரல் பிறகு, 2022-இல் செய்ததுதானே. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்த பிறகு எடுக்கிற ரேகையும் ரேகைதானே என்கிறார். வாக்குவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.