குற்றவாளி தெரிந்த பிறகு

துப்பறியும் கதை ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகும் சரக்கு என்பது நம்மிடையே உள்ள தீர்ப்பு. செஸ்டர்டனின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ (1911) கதையை, குற்றவாளி யாரென்று தெரிந்தே, பலமுறை படித்திருக்கிறேன். ஏன்?

லண்டனில் ஒரு குடியிருப்பின் வாசலை நான்கு பேர் கவனிக்கிறார்கள். யாரும் உள்ளே போகவில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். பனியில் காலடித் தடம், மாடியில் ரத்தக் கறை, பிணத்தைக் காணோம். தபால்காரனாக வந்தவன் அதைப் பையில் சுமந்துகொண்டு அவர்கள் எதிரிலேயே போயிருக்கிறான். நால்வரும் பொய் சொல்லவில்லை. ‘யாரும்’ என்ற சொல்லில் அவர்களுக்குத் தபால்காரன் சேர்த்தியில்லை, அவ்வளவுதான்.

போவின் ‘களவாடப்பட்ட கடிதம்’ (1844) கதையிலும் இதே விஷயம்தான். பாரிஸ் போலீஸ் நாற்காலிகளின் குறுக்குக் கட்டைகளைக்கூட நுண்ணோக்கியால் சோதிக்கிறது. கடிதமோ எல்லோர் பார்வையிலும் கிடக்கிறது.

இக்கதைகளில் மறைந்திருப்பது குற்றவாளியல்ல, பார்ப்பவர்களின் பழக்கம். முதல் வாசிப்பில் துப்பறிபவனோடு நிற்கிறோம், அடுத்ததில் ஏமாந்தவர்களோடு. சிறுகதை உருவம் இதற்குப் பொருந்துகிறது. ஒரு குருட்டுத்தனத்தைக் காட்ட அது போதும். நாவலுக்கோ பக்கத்தை நிரப்பச் சந்தேக நபர்கள் வேண்டும். பூட்டையும் ரயில் அட்டவணையையும் மட்டுமே நம்பிய கதைகள் விடையோடு செத்துப்போகின்றன.

கடைசி வரித் திருப்பத்தை நம்பி நாம் எழுதும் ‘இலக்கிய’க் கதைகளையும் இப்படி இரண்டாம் முறை படித்துப் பார்க்கலாம். எத்தனை தேறும்?