பிரசங்க மேடையும் வாக்குச்சாவடியும்

தேர்தல் நெருங்கினால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, தாம்பரம் பக்கத்துச் சபைகள் சிலவற்றில் இப்படி நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்து வேட்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். போதகர் சால்வை போர்த்தி, தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். கட்சியின் பெயரோ சின்னமோ வாயில் வராது. ‘நமக்காக நிற்கிற சகோதரர்’ என்று சொன்னால் போதும், மீதியைச் சபை புரிந்துகொள்ளும். கோயிலில் இதுவே பரிவட்டமாகும். பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வாசலில் நடக்கும் கைகுலுக்கலாகும்.

சட்டம் இதை ஏற்கிறதா? ஏட்டளவில் இல்லை. பஞ்சாப் நெருக்கடியின் சூட்டில் 1988-ல் பிறந்த சமய நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டப்படி, வழிபாட்டிடத்தையோ அதன் பணத்தையோ அரசியலுக்குத் திருப்பினால் 5 ஆண்டுவரை சிறை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மதத்தின் பேரில் வாக்குக் கேட்பதையும், தெய்வக் குற்றம் என்று வாக்காளரை மிரட்டுவதையும் முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று 2017 ஜனவரியில் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஆனால், சமய நிறுவனம் அரசியலே பேசக்கூடாது என்பவர்கள் இடிந்தகரையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் திரண்டபோது லூர்து மாதா ஆலய வளாகம்தான் அவர்களுக்குக் களம். 1950 ஆகஸ்ட் 10 ஆணையால் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்களுக்காக, அந்த நாளைத் திருச்சபை ஆண்டுதோறும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமே அவர்களுக்கு அந்த உரிமையைக் கோரித் தீர்மானம் போட்டது. இலங்கையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், போருக்குப் பின் 1,46,679 பேர் கணக்கில் வரவில்லை என்று 2011-ல் அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன்னாலேயே சொன்னார். வேறு எவரும் பேசத் துணியாத இடத்தில் அங்கி அணிந்தவரின் குரல்தான் ஏழைக்குக் கிடைத்த ஒரே ஒலிபெருக்கி.

1988 சட்டத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. கட்சிப் பிரசாரத்தை மட்டும் தடுக்காமல், அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினையையும் அது தன் வலைக்குள் இழுத்துக்கொள்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால் கறுப்பு நாளும் குற்றம், சால்வையும் குற்றம். எல்லாமே குற்றம் என்றாகும்போது எதைக் கண்டுகொள்வது என்பது ஆள்பவர் விருப்பமாகிவிடுகிறது. கூடங்குளம் போராட்டம் சூடுபிடித்த 2012-ல் தூத்துக்குடி மறைமாவட்ட அமைப்புகளின் வெளிநாட்டு நிதி மீது நடவடிக்கை பாய்ந்தது. சால்வை வாங்கும் வேட்பாளரையோ எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அதற்காகச் சால்வை குற்றமற்றதாகிவிடாது. பிரசங்க மேடையில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்வார்கள். எழுந்து மறுகேள்வி கேட்க அங்கே வழியில்லை. ஒரே பெஞ்சில் நான்கு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சபைக் கட்டட அனுமதிக்கும் கல்லறை நிலத்துக்கும் அரசு அலுவலகம் ஏறி இறங்கும் போதகர், அந்த வேலை முடிவதற்காக அவர்கள் வாக்கையெல்லாம் மொத்தமாகப் பேசி முடிக்கிறார். அவர்களை யாரும் கேட்கவில்லை. 2021 ஜூலையில் அருமனைக் கூட்டத்தில் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா, திமுகவின் வெற்றி சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்ற பொருளில் பேசிக் கைதானார். மேடையை விட்டு அவர் இறங்குவதற்குள் எதிர்த்தரப்புக்குப் பிரசாரம் தயாராகிவிட்டது. அதன் சுமையோ வாக்களித்த சாதாரண மக்கள் தலையில் விழுந்தது.

பணமும் இதில் இருக்கிறது. சபையை நடத்தும் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு உண்டு, கட்சிக்கும் உண்டு. ஆனால் கட்சி 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் நன்கொடைக்குத் தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். அறக்கட்டளை வழியாகப் பிரசாரம் நடந்தால் அந்தக் கணக்கே கிடையாது.

அமெரிக்கா 1954-ல் ஜான்சன் திருத்தத்தால் வரிவிலக்குள்ள அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கத் தடை போட்டது. ஆனால் கிளின்டனுக்கு எதிராக 1992-ல் பத்திரிகை விளம்பரம் கொடுத்து விலக்கை இழந்த சபையைத் தவிர, எடுத்துச் சொல்ல வேறு உதாரணம் அரிது. தன் சபையாரிடம் ஆராதனையில் தேர்தலைப் பற்றிப் பேசுவது அந்தத் தடையை மீறுவதே அல்ல என்று 2025 ஜூலையில் வரித்துறையே நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. நடைமுறையில் தூங்கும் தடை கடைசியில் தானாகவே உதிர்ந்துவிடும் என்பதுதான் நமக்குப் பாடம்.

கோடு எங்கே போடலாம் என்பதற்கு நம்மிடமே பழைய முன்மாதிரி உண்டு. காங்கிரஸ் உருவாக்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தை 1944-ல் பிரிவி கவுன்சில் அறநிறுவனம் என்றே ஏற்றது. யார் தொடங்கினார் என்பதைவிட ஏழைக்கு வேலை தரும் அதன் நோக்கத்தைப் பார்த்தது. அதே அளவுகோல் இன்றும் போதும். பிரச்சினையைப் பற்றிப் பேசலாம், வேட்பாளருக்காகப் பேசக்கூடாது. 1988 சட்டத்தை அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டுக் கோயில், பள்ளிவாசல், சபை மூன்றின் மீதும் ஒரே கண்டிப்போடு அமல்படுத்த வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாததைக் குடியிருப்போர் சங்கங்கள் கேட்டதுபோலச் சபையும் கேட்கட்டும். எல்லா வேட்பாளரையும் ஒரே நாளில் அழைத்து, சபையார் எழுந்து கேள்வி கேட்க மைக்கைக் கொடுக்கட்டும். அதற்குத் துணியாத போதகருக்கு ஆசீர்வதித்து அனுப்பும் உரிமையும் இல்லை.