கமாவை நம்பும் தேடல்

பெங்களூருவின் வார்டுப் பணிகள், செலவுகள் பற்றிய தரவுகள் பல ஓபன்சிட்டி என்ற இணையத்தளத்தில் சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது விவரங்களைக் கமாவால் பிரித்த கோப்புகளாகக் கிடைக்கின்றன. இத்தகைய கோப்பில் முழு வரியையும் துழாவாமல் வேண்டிய நெடுவரிசையை மட்டும் சிறுநிரல் எழுதித் தேடுவது பழைய வழக்கம். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக் மொழியில் இது ஒற்றை வரி வேலை. வரி வரியாகப் படிப்பதால், எக்செல் தாளின் 10,48,576 வரிசை வரம்பைத் தாண்டிய கோப்பும் சாதாரண மடிக்கணினியில் ஓடிவிடும்.

பெரிய ஆதாயம் துல்லியம். 19-ஆம் வார்டைத் தேடும்போது முழு வரியையும் பார்த்தால் 2019 என்ற ஆண்டும் 1900 ரூபாயும் சேர்ந்தே வந்து விழும். வார்டு நெடுவரிசையோடு நிறுத்தினால் அந்தக் குப்பை விலகும். ஆனாலும் '19 உள்ளதா' என்று கேட்டால், 198 வார்டுகள் இருந்த காலத்துக் கோப்பில் 19, 119, 190 முதல் 198 வரை என 11 வார்டுகள் சிக்கும். 'சமமா' என்றுதான் கேட்க வேண்டும்.

உண்மையான பலவீனம் முகவரியில் இருக்கிறது. மெயின், கிராஸ், ஸ்டேஜ் என்று அடுக்கும் பெங்களூரு முகவரியில் கமா இல்லாமல் இருப்பது அரிது. ஒரு மாதிரி வரி:

17,"12, 5வது கிராஸ், இந்திராநகர்",560038

மேற்கோள்குறிக்குள் இருப்பது ஒரே விவரம். கமா கண்ட இடமெல்லாம் வெட்டும் நிரலுக்கு அது தெரியாது. மூன்றாம் நெடுவரிசையில் அஞ்சல் எண்ணைக் கேட்டால் '5வது கிராஸ்' வரும். 560038 ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, அந்த வரி தேடல் முடிவிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். நிரல் நின்றுபோவதைவிட இது மோசம். ஆக் மொழியின் குனு பதிப்பு 2023-இல்தான் சிஎஸ்வி முறையைச் சேர்த்துக்கொண்டது. பைத்தானின் சிஎஸ்வி தொகுதி 2003 முதலே மேற்கோள்குறியை மதிக்கிறது. தலைப்பின் பெயரைச் சொல்லியும் நெடுவரிசையை எடுக்கலாம். அடுத்த ஆண்டுக் கோப்பில் அந்தத் தலைப்பு மாறியிருந்தால் நிரல் பிழை காட்டி நிற்கும். பைத்தானில் நாலைந்து வரி கூடுதலாக எழுத வேண்டும். முகவரி உள்ள கோப்புக்கு அந்த உழைப்பு அவசியம்.

எந்த மொழியாலும் தீராத குறை ஒன்று உண்டு. 2010 மாநகராட்சித் தேர்தலில் இருந்த 198 வார்டுகள், 2022-இல் 243 ஆகவும் 2023-இல் 225 ஆகவும் மறுவரையறை செய்யப்பட்டன. 19 என்ற எண் அதே நெடுவரிசையில் அப்படியே நிற்க, அது குறிக்கும் தெருக்கள் மாறியிருக்கலாம். பல ஆண்டுக் கோப்புகளை இணைத்துத் தேடுவோர் எந்த ஆண்டு வரையறை என்பதற்குத் தனி நெடுவரிசை சேர்த்து, வார்டு எண், வரையறை இரண்டையும் ஒருசேரப் பொருத்த வேண்டியிருக்கிறது.